மூளைத் தமனிச் சுருக்கம்: ஸ்கேன் படங்களின் துணையுடன் சிகிச்சையைத் தீர்மானிக்கும் முறை

மூளைத் தமனி சுருங்கிப் பக்கவாதம் வந்தவரின் அறிக்கையில் '70 சதவீதச் சுருக்கம்' என்று கண்டதும், ஸ்டென்ட் (குழாயை விரித்துவைக்கும் வலைக்கூடு) வைத்துவிடலாமா என்றுதான் வீட்டார் முதலில் கேட்கிறார்கள். அந்த ஓர் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. 70 முதல் 99 சதவீதம் வரை சுருக்கம் இருந்த 451 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான சாம்ப்ரிஸ் ஆய்வில், தீவிர மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டும் வைக்கப்பட்டவர்களில் 14.7 சதவீதத்தினருக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 5.8 சதவீதத்தினருக்கும் 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது.

முதலில் அளவைச் சரிபாருங்கள். காந்தப்புலக் கருவியால் சாயமின்றி எடுக்கும் ரத்தக்குழாய்ப் படமான எம்.ஆர். ஆஞ்சியோவில், ரத்தம் மெதுவாகவோ சுழன்றோ ஓடும் இடம் உள்ளதைவிடக் குறுகித் தெரியும், எனவே சாயம் செலுத்தி எக்ஸ்ரே மூலம் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவால் உறுதிசெய்து, ஐயம் நீங்காவிட்டால், தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்திச் சாயமிட்டு எடுக்கும் டி.எஸ்.ஏ.-வுக்குச் செல்ல வேண்டும். மிகக் குறுகிய இடத்தின் விட்டத்தை அதற்கு முந்தைய சீரான பகுதியின் விட்டத்தோடு ஒப்பிட்டே சதவீதம் கணக்கிடப்படுகிறது. 3 மி.மீ. குழாய் 0.9 மி.மீ. ஆகியிருந்தால் 70 சதவீதம், அதையே 1.2 என்று அளந்தால் 60 சதவீதம். 0.3 மி.மீ. பிழை நோயாளியை வேறு வகையில் சேர்த்துவிடும்.

அடுத்தது, குழாய்ச் சுவரைக் காட்டும் உயர்தெளிவு எம்.ஆர்.ஐ. இன்னும் பல இடங்களில் இதைக் கேட்டு எடுப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது. 3 டெஸ்லா காந்தப்புல வலிமை கொண்ட கருவியில், ரத்தம் கறுப்பாகத் தெரியும்படி, சாயம் செலுத்துவதற்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் ஒருபக்கமாகத் தடித்திருந்தால் பெரும்பாலும் கொழுப்புப் படிவு. சுற்றிலும் சீராகத் தடித்துச் சாயத்தை ஏற்றால் ரத்தக்குழாய் அழற்சியை நினைக்க வேண்டும். சுவருக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் உட்சுவர்க் கிழிசல். அழற்சி உறுதியானால் ஸ்டீராய்டு தேவைப்படலாம் என்பதால், காரணம் அறியாமல் சிகிச்சையைத் தொடரக் கூடாது.

பிறகு மூளைத் திசுவைப் பாருங்கள். இரு தமனிகளின் எல்லைப் பகுதியில் திசு இறந்திருந்து, திசுவுக்குள் ரத்தம் பாய்வதைக் காட்டும் பெர்ஃப்யூஷன் படத்திலும் ரத்தம் தாமதமாக வந்து சேர்ந்தால், அங்கே ரத்தவரத்தே போதவில்லை. இவர்களுக்கு ரத்த அழுத்தத்தை அவசரமாகக் குறைப்பது ஆபத்து. நுண்கிளைத் தமனியின் வாயைப் படிவு அடைத்திருந்தால், ஸ்டென்ட் அந்தப் படிவை மேலும் உள்ளே தள்ளிவிடலாம்.

கொழுப்புப் படிவுதான் காரணம் என்று தெளிந்தவர்களுக்கு, ரத்தக்கசிவு அபாயம் இல்லையெனில், சாம்ப்ரிஸ் வழியில் ஆஸ்பிரினோடு 90 நாட்களுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழ் வரக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து, நிலைமை சீரான பின் மேல் ரத்த அழுத்தம் 140-க்குக் கீழ் என்பதே அடிப்படை. இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் அதே தமனியின் பகுதியில் மீண்டும் பாதிப்பு வந்து, ரத்தவரத்துக் குறைவும் படத்தில் உறுதியானால் மட்டுமே, அனுபவமிக்க குழுவிடம் பலூன் அல்லது ஸ்டென்ட் பற்றிப் பேச வேண்டும். அப்போது அறிக்கைத் தாளோடு, முந்தைய ஸ்கேன்களின் மூலப் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். குழாய்ச் சுவரின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அவர்கள் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.