குடும்பக் கதையைப் பாட்டாகச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்ளுத்தாத்தா பெயர், அவர் பிறந்த ஊர், அவருக்கு எத்தனை பிள்ளைகள், யார் எந்த ஊரில் வாக்கப்பட்டார்கள் என்று வரிசையாக அடுக்கி ஒரு மெட்டில் போட்டுவிட்டால் குடும்பப் பாட்டு தயார் என்றுதான் பலரும் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு கோடை விடுமுறையில், காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து 24 வரி எழுதினேன். 9 வயது மகளுக்கும் 5 வயது மகனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். நான்காவது வரியிலேயே சின்னவன் எழுந்து போய்விட்டான். பெரியவள் பொறுமையாக முழுவதும் பாடினாள். அடுத்த வாரம் கேட்டால் ஒரு பெயர்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

அவர்கள் மேல் குற்றமே இல்லை. முகம் தெரியாத பத்துப் பேரின் பெயரை எந்தக் குழந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும்? பெயரோடு அந்த ஆள் செய்த ஒரு காரியமும் சேர்ந்து வந்தால்தான் அது மனதில் ஒட்டும். அதுவும் கையால் செய்து காட்டக்கூடிய காரியமாக இருந்துவிட்டால் மறக்கவே மறக்காது.

எங்கம்மா, அதாவது பிள்ளைகளுக்கு ஆயா, குடியாத்தத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றியவர். மடியில் முறம், முறத்தில் ஈரத்துணியில் பொதிந்த இலை, ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் நூல்கண்டு. அந்த 24 வரியையும் தூக்கிப்போட்டுவிட்டு, ஆயாவை மட்டும் வைத்து ஆறு வரி எழுதினேன்.

இலையை வெட்டி எடுத்தாளாம் – ஆயா
இத்தனை தூளும் வைத்தாளாம்
உருட்டி உருட்டிச் சுருட்டினாளாம் – நூலை
ஒருசுற்றுச் சுற்றி முடித்தாளாம்
கட்டுக் கட்டாய் அடுக்கினாளாம் – அந்தக்
காசில் அப்பா படித்தாராம்!

‘ஆயா’ வருகிற இடத்தில் எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லித்தான் பாடுகிறோம். நீங்கள் உங்கள் வீட்டுப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமான பெயராக இருந்தால் இழுத்துப் பாடலாம், கும்மி மெட்டு தாங்கும். சின்னவன் இதை ஒரே சாயங்காலத்தில் பிடித்துக்கொண்டான். இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கி இலை வெட்டினான், கட்டைவிரலால் உருட்டினான், கடைசி வரியில் என் வயிற்றில் ஒரு குத்து விட்டான்.

தொழிலை மறைக்காதீர்கள்

இந்தப் பாட்டைக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர், “குழந்தை வாயில் பீடியா? வேற ஏதாவது வைக்கலாமே” என்றார். அவர் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் குடும்பப் பாட்டில் நாம் செய்கிற பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் பீடியிலும், தோல் பதனிடும் ஷாப்பிலும், தீப்பெட்டியிலும், கைலித் தறியிலும், செங்கல் சூளையிலும் நிமிர்ந்தவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதி ஊர்களில் தோல் வேலை பார்க்காத தெரு குறைவு. அந்த நாற்றத்தோடு வீட்டுக்கு வந்த தாத்தாவைப் பாட்டில் ‘ஆபீஸ் போனார்’ என்று மாற்றிவிட்டால், பிள்ளைக்குக் கிடைப்பது வேறு யாருடைய தாத்தாவோ. பீடி உடம்புக்குக் கெடுதல் என்பதையும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி எண்ணி வாங்கி ஆயாவின் விரல் காய்த்துப்போனதையும் சேர்த்தே சொன்னேன். பெரியவளுக்கு இரண்டும் புரிந்தது.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. இல்லாததை ஏற்றிச் சொல்வது. வேலூர் என்றாலே கோட்டை ஞாபகம் வரும். 1806 ஜூலை 10 விடியற்காலையில் கம்பெனி ஆட்சியை எதிர்த்துச் சிப்பாய்கள் எழுந்த கோட்டை. புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறியும் தாடியும் கூடாது என்ற கட்டளை, இதையெல்லாம் பொறுக்க முடியாமல் எழுந்தவர்களை, ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே அடக்கியது. ‘எங்கள் முப்பாட்டனும் அதில் இருந்தார்’ என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்றால் சேர்க்காதீர்கள். கோட்டை வேண்டுமா? அகழிக்கரையில் தாத்தா வேர்க்கடலை வாங்கிக்கொடுத்ததை வையுங்கள். அது உண்மை, பிள்ளையும் அங்கே போய் நிற்கலாம்.

சாதிப் பெருமை பேசுகிற வரியையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறேன். பிள்ளை அதைப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் முன்னாலும் பாடும் என்பதை யோசியுங்கள்.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ‘எடுத்தாராம், போனாராம்’ என்று ‘ஆம்’ போட்டால் அது கேட்ட கதை. ‘எடுத்தார், போனார்’ என்றால் நாமே பார்த்தது. எங்கள் பாட்டில் பிள்ளைகள் கண்ணால் பார்த்த வரிகளுக்கு ‘ஆம்’ கிடையாது. ஆயா முறுக்கு சுட்ட வரி, சித்தப்பா ஏலகிரி மலையில் பைக் பஞ்சராகித் தள்ளிக்கொண்டு வந்த வரி எல்லாம் அப்படித்தான். பெரியவள் இப்போது மற்றவர்கள் பேச்சிலேயே ‘ஆம்’ எங்கே வருகிறது என்று பிடிக்கிறாள்.

பெண்களின் பெயர் எங்கே?

பெயர் கேட்டு எழுத உட்கார்ந்தால் ஆண் வழி மட்டும் மளமளவென்று வரும். அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று நான்கு தலைமுறை கிடைத்துவிடும். கொள்ளுப்பாட்டி பெயர் கேட்டால், “ஆயான்னுதான் கூப்பிடுவோம்” என்பார்கள். அதோடு விட்டுவிடுவதுதான் தவறு. பரணில் இருக்கிற பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களை இறக்குங்கள். சீர் வந்த குடத்தின் கழுத்திலும் தாம்பாளத்தின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் வீட்டில் அம்மாவின் பாட்டி பெயர் ஒரு அண்டாவில்தான் கிடைத்தது. புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெரியவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அந்தப் பெயரைப் பாட்டில் எங்கே வைப்பது என்பதையும் அவளிடமே விட்டுவிட்டேன். பழைய கல்யாணப் பத்திரிகையும் பத்திரமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாத்திரம். பிள்ளைகளுக்குத் தேய்க்க ஒரு பொருள் இருந்தால் அதுவே விளையாட்டு.

பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் கொடுப்பதில் இன்னொரு தொல்லை இருக்கிறது. தாத்தா பற்றிய வரி இப்படி:

காட்பாடி ரயிலைப் பிடித்தாராம் – தாத்தா
கையில் தூக்கு எடுத்தாராம்
வாலாஜா ரோட்டில் இறங்கினாராம் – தோலை
வாரிச் சுமந்து பிழைத்தாராம்

சின்னவன் ஒரு வாரம் ‘கையில் தூக்கம் எடுத்தாராம்’ என்று பாடிக்கொண்டிருந்தான். தூக்கு என்றால் சாப்பாடு கொண்டுபோகிற தூக்குச்சட்டி என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்த சொல்லை அங்கே வைத்துக்கொண்டான். நடுவில் நிறுத்தித் திருத்தினேன். இரண்டு தடவை திருத்தியதும் பாடுவதையே விட்டுவிட்டான். அது என் தவறு. அப்புறம் தாத்தாவின் தூக்கை எடுத்துக் கையில் கொடுத்தேன். அடியில் ஒரு நசுங்கல், மூடியில் தாத்தா பெயரின் முதல் எழுத்து. மூடியைத் திறந்து மோந்து பார்த்தான், கைப்பிடியில் மாட்டி வீடு முழுக்க நடந்தான். அன்றைக்குச் சாயங்காலம் வரி தானாகச் சரியாகிவிட்டது. பாடும்போது குறுக்கே பேசாதீர்கள். முடிந்த பிறகு நீங்கள் ஒரு தடவை சரியாகப் பாடினால் போதும்.

வரலாற்றைப் பாட்டுக்குள் திணிக்காதீர்கள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியது. தாத்தா இறங்கிய அதே ஸ்டேஷன். எனக்கு அதைப் பாட்டில் வைக்க அவ்வளவு ஆசை. வைத்துப் பார்த்தேன், வரி உடைந்தது. ஆண்டும் தேதியும் குழந்தைப் பாட்டில் நிற்காது. பாட்டு சுவரில் அடித்த ஆணி மாதிரி, கதையை அதில் மாட்டிக்கொள்ளலாம். ‘வாலாஜா ரோட்டில் இறங்கினாராம்’ என்று பாடி முடித்ததும் “அந்த ஸ்டேஷன் எவ்வளவு பழசு தெரியுமா?” என்று ஆரம்பித்தால் பத்து நிமிஷம் ஓடும்.

மாவட்டப் பெயரும் அப்படித்தான். பழைய கல்யாணப் பத்திரிகையில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று இருப்பதைப் பார்த்து மகள், “அது எந்த ஸ்டேட்?” என்று கேட்டாள். 1989-ல் அது இரண்டானது, ஒன்று திருவண்ணாமலையோடு போனது, மற்றது பின்னாளில் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-ல் வேலூர் மறுபடி பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆயா பிறந்த குடியாத்தம் இன்றைக்கும் வேலூர் மாவட்டம், தாத்தா வேலை செய்த இடம் வேறு மாவட்டம். பாட்டில் ஊர்ப் பெயரை மட்டும் வையுங்கள். ஊர் நகராது.

திரை பிடித்து விளையாடுவது

உட்கார வைத்துத் தாளைப் பார்த்துப் படிக்கச் சொன்னால் அது இன்னொரு வீட்டுப்பாடம். நம் ஊரில் இதைவிட நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. தெருக்கூத்தில் வேஷக்காரர் சட்டென்று முன்னால் வந்துவிட மாட்டார். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும். கூத்தை நடத்திச் செல்கிற கோமாளியான கட்டியங்காரன் “நீர் யார், எந்த ஊர்?” என்று கேட்பான். அவர் தன் பெயர், நாடு, குலம், பெருமை எல்லாம் சொல்வார். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். யோசித்துப் பாருங்கள், குடும்ப வரலாறு சொல்ல இதைவிடப் பொருத்தமான வடிவம் உண்டா?

வீட்டில் ஒரு வேட்டியை இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை பின்னால் நிற்கட்டும். முறம் இருந்தால் ஆயா, தூக்கு இருந்தால் தாத்தா. அந்தப் பிள்ளை தன் வரியைப் பாடியபடி திரையை ஆட்ட வேண்டும். கட்டியங்காரனாக நீங்கள் கேள்வி கேளுங்கள், தப்புத் தப்பாகக் கேளுங்கள். “ஓகோ, சென்னைக்கு விமானத்தில் போன தாத்தாவா?” என்றால், “இல்லை, காட்பாடி ரயில்!” என்று கத்திக்கொண்டே திரையைத் தள்ளி வெளியே வருவான். மற்றவர்கள் கடைசி வரியைப் பின்பாட்டாகத் திருப்பிப் பாடினால் போதும். விடுமுறைக்கு வந்த அத்தை பிள்ளைகள் ஒரே ராத்திரியில் ஐந்து பேரின் வரிகளைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

சின்னச் சின்னத் தவறுகள் இன்னும் சில. அப்பாக்கள் தங்கள் கட்டைக் குரலில் தொடங்கிவிடுகிறோம், பிள்ளைகளுக்கு அந்தச் சுருதி எட்டாது. பிள்ளையை முதல் வரி பாடச் சொல்லி, அந்தச் சுருதிக்கு நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். மெட்டும் ஐந்தாறு சுரத்துக்குள் சுற்றி வந்தால் போதும். விருந்தாளி வந்ததும் “பாடிக் காட்டு” என்று நிறுத்திவைக்காதீர்கள். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள்.

மொழி பற்றி ஒன்று. நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்கள் நிறைய. பாட்டு தமிழில் இருந்தாலும், தெலுங்குப் பாட்டியை அவ்வா என்றும் அப்பாவை நைனா என்றும் உருதுப் பாட்டியை தாதி என்றுமே பாடுங்கள். அவர்கள் தினம் சொன்ன ஒரு சொலவடை அவர்கள் மொழியிலேயே ஒரு வரியாக வந்தால் பாட்டில் அவர்கள் குரலே கேட்கும்.

இறந்தவர்களை விட்டுவிடுவதும் நடக்கிறது, சண்டை போட்டுப் பிரிந்தவர்களை விட்டுவிடுவதும் நடக்கிறது. எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா ஒருவர் உண்டு. அவருக்கு வரி இல்லை என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். பாகத் தகராறைப் பாட்டில் பாட முடியாது, சரி. ஆனால் பாலாற்று மணலில் ஊற்று தோண்டத் தாத்தாவுக்கு உதவியாகப் போனவர் அவர்தான். கையால் மணலை வாரிப் போடுகிற அந்த வரி இப்போது சின்னவனுக்கு ரொம்பப் பிடித்த வரி. ஆற்றில் மணல்தானே இருக்கிறது, தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டான். 2021 நவம்பர் வெள்ளத்தின்போது போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினேன். பெரியப்பாவைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறான். இன்னும் பதில் சொல்லவில்லை.

கடைசியாக, பாட்டை எழுதி முடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள், பெரியவர்கள் முன்னால் பாடிக் காட்டாமலும் இருக்காதீர்கள். போன மாதம் ஆயா வந்திருந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரும் முறத்தோடு பாடிக் காட்டினார்கள். ஆயா சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “ஒரு சுத்து சுத்தினா அவுந்துடும் கண்ணு, ரெண்டு சுத்து” என்றார். சின்னவன் விரலைப் பிடித்து, இல்லாத நூலை அதில் இரண்டு தடவை சுற்றி, நுனியை நகத்தால் மடக்கிக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ‘ரெண்டு சுற்றுச் சுற்றி முடித்தாளாம்’ என்றுதான் பாடுகிறோம். உருட்டிக்கு ஒரு என்ற மோனை போய்விட்டது. போகட்டும்.