பேராசிரியரின் தாள்கள் கிடைக்கவில்லையா? மாணவர்களின் நோட்டைத் தேடுங்கள்

18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஒருவரைப் பற்றி ஆராய்கிறீர்களா? ஆவணக் காப்பகத்தில் அவர் பெயரை மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கிளாஸ்கோவில் பாடம் நடத்திய பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித், 1790இல் இறப்பதற்குச் சில நாள் முன்பு தன் கையெழுத்துப் பிரதிகளில் 16 தொகுதிகளை நண்பர்களைக் கொண்டு எரிக்கவைத்தார். நினைத்தாலே மனசு பதறுகிறது. ஆனால் 1762-63இல் அவருடைய சொற்கலை (பேச்சு, எழுத்து நடை பற்றிய பாடம்) வகுப்பில் மாணவர்கள் எடுத்த குறிப்புகள், 1958இல் அபர்தீன் பக்கத்து மாளிகை ஒன்றின் நூலகம் விற்பனைக்கு வந்தபோது கிடைத்தன!

அதனால் மாணவர் பெயர், பாடத்தின் பெயர், வகுப்பு நடந்த ஆண்டு என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். ஒரே வகுப்பின் குறிப்புக்கு இரண்டு பிரதி கிடைத்தால் கட்டாயம் ஒப்பிடுங்கள். அப்புறம் கடிதங்கள்: பேராசிரியர் அனுப்பியவை பெரும்பாலும் அந்தக் கடிதங்களைப் பெற்றவரின் தாள்களில்தான் இருக்கும்.