கல்லாவை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்: கடலூர்க் கடைக்காரர்கள் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் கம்பெனி, டீக்கடை, மளிகைக்கடை எல்லாம் சோர்ந்துபோகும். ஆனால் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பதும் அப்போதுதான், அதனால் பெயிண்டும் கயிறும் விற்கிற கடையில் நிற்க இடமிருக்காது. அந்தப் பக்கம் பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் குவிகிற சீசனும் அதே சமயம்தான். "ஊருக்குள்ளேயே காசு இல்லைங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவதைத்தான் முதல் தவறு என்பேன். உங்கள் வாடிக்கையாளர் கையில் எந்த மாதம் காசு வருகிறது என்று கேளுங்கள். நெய்வேலியில் நிரந்தர வேலையில் இருப்பவருக்கு மாதாமாதம் சம்பளம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சம்பா விவசாயிக்குத் தை, மாசியில்தான் நெல் காசு.

நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். அடிக்கடி பார்க்கும் இன்னொரு கோளாறு, போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுவது. மே மாதம் படுத்துக் கிடந்த வியாபாரம் ஜூலையில் எழுந்ததும், "பிச்சிக்கிட்டுப் போகுது" என்று இரண்டாவது கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அது வளர்ச்சி இல்லை, கடல் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். சரி, போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடலாமா என்றால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. இரண்டு நவம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற துணிக்கடைக்காரருக்கு நெஞ்சு வலியே வந்துவிடும். ஆடி, ஐப்பசி, தை என்று தமிழ் மாதத்தில் கணக்கை வைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். இதில் நம் தாத்தாக்கள் நம்மைவிடக் கெட்டி.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது புயலுக்குப் பின் வருகிற வியாபாரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. என் மச்சான் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஓடு பறந்தவர், கூரை போனவர் எல்லாரும் வரிசையில் நிற்க, ஒரு லாரி ஷீட் மூன்றே நாளில் காலி. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வட்டிக்கு வாங்கி இன்னும் இரண்டு லாரி இறக்கினார். ஆடி மாதம் நான் போனபோது அந்த ஷீட்டுகள் பின்கட்டில் அப்படியே சாய்ந்து நின்றன. மேலே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. ஷீட்டைக் கூரையில் பிடிக்கிற ஜே போல்ட் மூட்டை மூட்டையாய், எல்லாம் துரு. இடிந்ததைக் கட்ட ஒரு குடும்பம் ஒருமுறைதான் செலவு செய்யும், அதுவும் நிவாரணக் காசிலோ நகையை அடகு வைத்தோ. புயலில் சாய்ந்த முந்திரித் தோப்பு அதற்குப் பிறகு பல வருடம் ஒன்றும் தராது. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு வரவே சுமார் மூன்று வருடம், பழைய விளைச்சலைத் தொட அதற்கும் மேலே. கல்லா நிரம்பி வழிந்த அதே ஜனவரியில், அடுத்த சில வருடத்து வாடிக்கையாளரின் வருமானம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதை மச்சானும் பார்க்கவில்லை, கணக்கு எழுதுகிற நானும் பார்க்கவில்லை.

கடன் கொடுப்பதில் ஒரு விஷயம். தடைக்காலத்தில் மளிகைக் கடன் கொடுக்காமல் முதுநகரில் கடை நடத்த முடியாது. ஆனால் ஜூன் 15ஆம் தேதியே போய்க் கேட்கக் கூடாது. படகுத் தொழிலாளிக்கு டீசல், ஐஸ் செலவெல்லாம் போகத்தான் பங்கு வரும். முதல் சில நடை கழிந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதுதான் நடக்கிற காரியம். அதுவரை மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணத்தை வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. இங்கேதான் பலர் நாள் தண்டலில் மாட்டுகிறார்கள். வரவு ஏறி இறங்குகிற கடைக்குத் தினமும் ஒரே தொகை கட்டுகிற கடன் பொருந்தாது. எடுத்த அளவுக்கு மட்டும் வட்டி போடும் சிசி (கேஷ் கிரெடிட்) கணக்கை, கடை நன்றாக ஓடுகிற மாதத்திலேயே வங்கியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படுத்த பிறகு கேட்டால் மேனேஜர் முகம் கொடுக்க மாட்டார்.

இறங்கியதெல்லாம் ஏறும் என்று காத்திருப்பதும் தவறுதான். ஒரு காலத்தில் ஃப்ரிட்ஜ், டிவி வாங்க நம் ஊர்க்காரர்கள் எல்லையிலிருக்கும் முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குப் போவார்கள், அங்கே வரி குறைவு. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் இரண்டு பக்கமும் ஒரே வரி. அந்த வித்தியாசத்தை நம்பி அங்கே கடை நடத்தியவருக்கு அப்படி இறங்கிய வியாபாரம் சீசன் மந்தம் கிடையாது, காத்திருந்தாலும் ஏறாது. பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அவற்றில் மட்டும் பழைய கதை தொடர்கிறது.

மச்சான் இப்போது தினக் கணக்கு நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார்: "தடை முடிந்து 9ஆம் நாள்", "மழை, ஆள் வரவில்லை", "நெய்வேலி போனஸ்". 2024 நவம்பர் 30ஆம் தேதிப் பக்கத்தில் ஃபெஞ்சல் புயல் என்று எழுதி, அதன் கீழே பெரிதாக இன்னொரு வரி: "ஒரு லாரிக்கு மேல் இறக்காதே."