டிஐடி: தெரபிஸ்ட்டோடு சேர்ந்து இலக்கு வகுப்பது எப்படி?

விலகல் அடையாளக் கோளாறு, அதாவது டிஐடி என்பது ஒருவருக்குள்ளேயே தனித்தனி அடையாளங்கள் மாறி மாறி முன்னால் வரும் நிலை; அந்த அடையாளங்களைத்தான் இங்கே 'பகுதிகள்' என்கிறோம். டிஐடி உள்ளவருக்குச் சிகிச்சை இலக்கு என்பது இரண்டு பேர் பேசி முடிக்கிற காரியம் அல்ல. அறையில் தலையாட்டியது ஒரு பகுதி. உள்ளே இருக்கும் மற்றப் பகுதிகளுக்கு அப்படியொரு பேச்சு நடந்ததே தெரியாமல் போகலாம். இலக்குகள் பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான்.

செஷனுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு நோட்டு வையுங்கள். வீட்டில் வேறு யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், பூட்டிய போன் குறிப்பு போதும். முதல் பக்கத்தில் ஒரே கேள்வி: "எது மாற வேண்டும், எது மாறக் கூடாது?" எழுதத் தெரியாத சின்ன வயதுப் பகுதி படம் வரையட்டும். யார் எழுதியதையும் யாரும் அடிக்கக் கூடாது. "தெரபியே வேண்டாம்" என்று இருந்தால் அதையும் அப்படியே கொண்டுபோங்கள். எதிர்க்கிற பகுதி பெரும்பாலும் எதையோ காத்து நிற்கிறது. அது என்ன என்று கேட்பதிலிருந்தே நல்ல இலக்கு பிறக்கும். ஒரு பகுதியை ஒழித்துக்கட்டுவதை ஒருபோதும் இலக்காக வைக்காதீர்கள்.

செஷனில் இரண்டு மூன்று இலக்குக்கு மேல் எடுக்க வேண்டாம். "மறதி குறைய வேண்டும்" என்பதை அளக்க முடியாது. "இரவு 5 நிமிடம், அன்று நடந்ததை மூன்று வரி எழுதுவது" என்றால் முடியும்.

வரிசை முக்கியம். முதலில் பாதுகாப்பும் நிலைப்படுத்தலும், அடுத்து அதிர்ச்சி நினைவுகள், பிறகு ஒருங்கிணைப்பு. நினைவுகளை அவசரமாகத் திறந்தால் பகுதிகள் மாறி மாறி முன்னால் வரும், தன்னைக் காயப்படுத்தும் உந்துதல் கூடும். அந்த உந்துதல் ஏற்கெனவே இருந்தால் முதல் இலக்கு ஒன்றே: நெருக்கடியில் யாரை, எந்த வரிசையில் அழைப்பது என்ற தாள். அது எங்கே இருக்கிறது என்பது எல்லாப் பகுதிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒன்றிணைவது" என்ற சொல்லே சில பகுதிகளுக்குச் சாவு போலக் கேட்கும். முழுதாக இணைவதா, ஒத்துழைத்து வாழ்வதா என்பதை ஆரம்பத்திலேயே முடிவுகட்ட வேண்டியதில்லை. இதைத் தெரபிஸ்ட்டிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஒப்புக்கொண்டதை இரண்டு வரியில் எழுதி, "உள்ளே எல்லோரும் கேளுங்கள்" என்று சொல்லி, தெரபிஸ்ட்டே உரக்கப் படிக்கட்டும். "நிறுத்து" என்பதற்கு ஒரு சைகையும் பேசி வையுங்கள்; பேச்சு வராத பகுதிக்கு அது வேண்டும். கடைசி 10 நிமிடம் புதிதாக எதையும் தொடாமல், கால் தரையில் பதிய, இன்றைய தேதியைச் சொல்லி நிகழ்காலத்துக்குத் திரும்புவதற்கு. அடுத்த செஷனின் முதல் கேள்வி: "போன வாரம் பேசியது யாருக்கெல்லாம் நினைவிருக்கிறது?"