காற்றுமாசு எண்களைப் படிக்கும்போது எங்கே தடுமாறுகிறோம்?

போகியன்று அதிகாலை சென்னையில் கதவைத் திறந்தால் எதிர்வீடு மங்கலாகத்தான் தெரியும். டயரும் பழைய பாயும் எரிந்த வாடை தொண்டையைப் பிடிக்கும். 2018ஆம் ஆண்டுப் போகியில் புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தையே நிலைகுலைய வைத்தன. இப்படிப்பட்ட ஒரு நாளின் மாலையில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்தால், காலையில் பட்ட அவதிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும். ‘இவ்வளவுதானா?’ என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். ‘கணக்கில் ஏதோ தில்லுமுல்லு’ என்று சிலர் கொதிக்கிறார்கள். எத்தனை மணி நேரத்துக்கான சராசரி இது என்று இருவருமே கேட்பதில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள்தோறும் மாலை 4 மணிக்கு வெளியிடும் குறியீட்டில், நுண்துகள்களுக்கு முந்தைய 24 மணி நேரச் சராசரிதான் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதிகாலை மூன்று மணி நேரம் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களின் அளவு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம். மீதி 21 மணி நேரம் 30 மைக்ரோகிராம். நாள் சராசரி சுமார் 76 வரும். இந்தியக் குறியீட்டில் அது ‘மிதமானது’. அந்த மூன்று மணி நேரமும் வாசலில் நெருப்பருகே நின்ற ஆஸ்துமாக் குழந்தைக்கு 76 என்ற எண்ணால் எந்தப் பயனும் இல்லை. மூச்சுத்திணறல், இருமல் போன்ற உடனடித் தொல்லைகளைப் பற்றிப் பேசும்போது ஒவ்வொரு மணி நேரத்து அளவையும் பாருங்கள். இதயநோய், புற்றுநோய் பற்றிப் பேசும்போது ஆண்டுச் சராசரியைப் பாருங்கள். ஒன்றை வைத்து மற்றொன்றுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்தது, குறியீட்டின் பெயர்களை நம்புவது. பி.எம். 2.5 என்றால் 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்கள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. இது கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் குறியீடு 100 என்று காட்டும். பக்கத்தில் ‘திருப்திகரம்’ என்று எழுதியிருக்கும். அதே காற்றை அமெரிக்கக் குறியீட்டில் இட்டால் எண் 150ஐத் தாண்டிவிடும். ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்று சிவப்பில் வரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில் 24 மணி நேர அளவு 15 மைக்ரோகிராம்தான். கைபேசிச் செயலிகளில் சில அமெரிக்க அளவுகோலையும் சில இந்திய அளவுகோலையும் பயன்படுத்துகின்றன. அதனால்தான் ஒரே தெருவுக்கு இரண்டு எண்கள் வருகின்றன. குறியீட்டை ஓரமாக வைத்துவிட்டு, மைக்ரோகிராம் எவ்வளவு என்று தேடிப் பார்க்கும் பழக்கம் நல்லது.

இன்னொன்றும் உண்டு. குறியீடு எல்லா மாசுகளின் கூட்டுத்தொகை அல்ல. அளக்கப்பட்டவற்றில் எது மோசமோ அதன் எண்ணே அன்றைய எண். ஓசோன் மிகுந்த கோடை நாளுக்கும் நுண்துகள் மிகுந்த மார்கழி நாளுக்கும் ஒரே எண் வரலாம். ஓசோன் வெயிலில் உருவாவதால் பிற்பகலில் உச்சம் தொடும். குளிர்காலத் துகள்கள் விடியற்காலையில், காற்று அசையாமல் கிடக்கும்போது தரையோடு தேங்கி நிற்கும். நடைப்பயிற்சிக்கு எந்த நேரம் உகந்தது என்பதற்கான விடை அந்த இரு நாள்களிலும் ஒன்றாக இருக்காது.

பள்ளி மாணவர்களும் குடியிருப்போர் சங்கங்களும் மலிவு விலைச் சென்சார்களை வாங்கி மொட்டை மாடியில் மாட்டுவது இப்போது பெருகியிருக்கிறது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் கடலோர ஊர்களில் இந்தக் கருவிகள் ஒரு குழியில் தள்ளிவிடும். இவை துகள்களை எடை போடுவதில்லை. லேசர் ஒளியைப் பாய்ச்சி, துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எடையை ஊகிக்கின்றன. காற்றில் ஈரப்பதம் ஏறும்போது உப்பு, சல்பேட், நைட்ரேட் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். பெருத்த துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும். மாசு கொஞ்சமும் கூடாமலே எண் ஏறும். அரசு நிலையங்களில் இருக்கும் தரமான கருவிகள் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட்டு அளக்கின்றன. ‘விடியற்காலை நான்கு மணிக்கு ஆலைகள் திருட்டுத்தனமாகப் புகை விடுகின்றன’ என்று ஒரு வரைபடத்தைக் காட்டிக் குற்றம்சாட்டுவதற்கு முன்னால், அதே நேரத்து ஈரப்பதத்தையும் பக்கத்தில் வரைந்து பாருங்கள். இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறி இறங்கினால் சந்தேகப்படுங்கள். ஆலைகள் சூழ்ந்த எண்ணூரிலும் மணலியிலும் வாழ்கிறவர்களின் புகார் நியாயமானது. அது ஒரு பலவீனமான வரைபடத்தின்மேல் நின்று, ஒரே கேள்வியில் சரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு வலியுறுத்துகிறேன். வாங்கிய கருவியைச் சில வாரங்களாவது ஒரு தரமான நிலையத்தின் அருகில் வைத்து ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டால் அதன் சாட்சியத்துக்கு மதிப்பு வரும்.

‘நம்மூர் என்ன டெல்லியா?’ என்ற ஆறுதலும் ஆபத்தானது. மாசு கூடும் அளவுக்கு நேர்விகிதத்தில் நோயும் கூடும் என்று நாம் நினைக்கிறோம். இதயநோய் ஆய்வுகள் காட்டும் கோடு அப்படி இல்லை. குறைந்த அளவுகளில் செங்குத்தாக ஏறி, மிக அதிக அளவுகளில் சாய்வு குறைகிறது. இதற்கு என்ன பொருள்? ஓரளவு சுத்தமான ஊரில் பத்து மைக்ரோகிராம் குறைப்பது, மிக மோசமான ஊரில் பத்து குறைப்பதைவிட அதிகப் பலன் தரக்கூடும். அமெரிக்காவின் ஆறு நகரங்களில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரை 14 முதல் 16 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1993இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு, அவற்றுள் மிக மாசுபட்ட நகரத்தில் இறப்பு விகிதம் மிகச் சுத்தமான நகரத்தைவிட 26 சதவீதம் அதிகம் என்று கண்டது. அந்த ‘மிக மாசுபட்ட’ நகரத்தின் நுண்துகள் சராசரி, இன்று நம் பல நகரங்களில் சாதாரணமாகக் காணும் அளவுதான்.

பாதிப்பை நுரையீரலோடு நிறுத்திக்கொள்வதும் பரவலான பிழை. வெளிக்காற்று மாசால் நேரும் அகால மரணங்களில் பெரும்பகுதி மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நேர்கிறது. அதே சமயம், வெளிக்காற்று மாசும் வீட்டுக்குள் உண்டாகும் மாசும் சேர்ந்து உலகில் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் மரணங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கை, மருத்துவமனைப் பதிவேடுகளில் எண்ணி எடுத்ததாகக் கருதக் கூடாது. அது மக்கள்தொகை அளவிலான மதிப்பீடு. தனி ஒருவரின் இறப்புச் சான்றில் காற்றுமாசு இடம்பெறுவது மிக அரிது. லண்டனில் 2013இல் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி முடிவு சொன்னது 2020இல். பிரிட்டனில் அதுவே முதல்முறை.

கடைசியாகச் சொல்லப்போவதே எனக்கு மிக முக்கியமானது. நிலையத்தில் அளந்த காற்றை மனிதர் சுவாசித்த காற்றாக எடுத்துக்கொள்வது. விறகடுப்பின் முன் குனிந்து ஊதாங்குழலில் ஊதும் பெண்ணின் மூச்சை எந்த நகர நிலையமும் அளப்பதில்லை. சென்னையின் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் பல ஆண்டுகளாக இந்த இடைவெளியில்தான் உழைத்துவருகிறார்கள். தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலத்தில் பி.எம். 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதோடு தொடர்பு தெரிந்தது.

நான்கு கிராம் அற்பம் என்று நினைப்பவர்கள், புகை மண்டிய சமையலறையில் அளவு பத்தில் நிற்பதில்லை, நூற்றுக்கணக்கில் போகும் என்பதை மறக்கிறார்கள். இது நிரூபணம் என்று துள்ளுபவர்கள், விறகு எரிக்கும் வீடு பெரும்பாலும் ஏழை வீடு, அங்கே சத்தான உணவும் குறைவு என்பதை மறக்கிறார்கள். ஆய்வாளர்கள் அவற்றைக் கணக்கில் கழித்துப் பார்த்தாலும் முழுவதும் கழிந்ததா என்ற ஐயம் மிஞ்சும். அதைத் தீர்க்கவே இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்து ஒரு பரிசோதனை நடந்தது. இந்தியாவில் அதன் களம் தமிழ்நாடு. பழைய அடுப்பிலேயே சமைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகள் அளவு சுமார் 70 மைக்ரோகிராம்; கேஸ் அடுப்பு பெற்றவர்களுக்கு அது 24தான். ஆனால் 2022இல் வெளியான முடிவில், பிறப்பு எடையில் இருந்த வித்தியாசம் சுமார் 20 கிராம் மட்டுமே; புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு.

உடனே ‘விறகுப் புகையால் தீங்கில்லை’ என்று எழுதினால் அது பெரும் பிழை. உண்மையான வித்தியாசம் ஏறத்தாழ சுழியத்திலிருந்து 40 கிராம் வரை எங்கும் இருக்கலாம் என்பதே அந்த முடிவின் பொருள். அடுப்பு வந்து சேர்ந்தபோது கர்ப்பம் ஏற்கெனவே 9 வாரங்களைக் கடந்திருந்தது. மிஞ்சிய 24 மைக்ரோகிராமும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு அளவான 5ஐப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கேஸ் அடுப்புத் திட்டங்களை ஆதரிப்பவர்கள் இந்த முடிவைச் சொல்லாமல் விடுவதும் தவறுதான்; நானும் ஆதரிப்பவன், ஆகவே சொல்கிறேன். திருமணமான நாளிலிருந்தே புகையில்லா அடுப்பு இருந்தால் என்ன ஆகும், தெரு முழுவதும் ஒன்றாக மாறினால் என்ன ஆகும் என்ற கேள்விகளை இந்தப் பரிசோதனை தொடவே இல்லை. ஒரு வீடு கேஸுக்கு மாறிய பிறகும் பக்கத்து வீட்டு விறகுப் புகை அதன் ஜன்னல் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும்.