டிராஃப்டுக்கு முன்னாடி க்யூபியைப் பாக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

அமெரிக்கன் ஃபுட்பால்ல (என்எஃப்எல்) காலேஜ் ஆட்டக்காரங்களை டீமுங்க எடுக்கற டிராஃப்ட் ஏப்ரல்ல நடக்கும். அது நெருங்கினாலே எங்க டைனஸ்டி லீக்ல (நிஜ ஆட்டக்காரங்களை வச்சு வருஷக்கணக்கா நடத்தற ஃபேன்டஸி விளையாட்டு) புதுசா சேந்தவங்க க்வார்ட்டர்பேக் (க்யூபி, பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவர்) லிஸ்ட் போட ஆரம்பிச்சிடுவாங்க, ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் "ஓடுறவன், ரிஸ்க்", "பாக்கெட், சேஃப்"னு ஒரு குறிப்பு. பாக்கெட்ங்கிறது க்யூபியைச் சுத்தி லைன் ஆட்டக்காரங்க நின்னு காக்கற இடம். நாங்களும் ஆரம்பத்துல இப்படித்தான் எழுதிட்டிருந்தோம், அதனாலதான் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. ஹைலைட்ஸ் மட்டும் பாக்காதீங்கங்கிற மாதிரி விஷயத்தை எல்லாம் விட்டுடறேன், அது எல்லாருக்கும் தெரியும்.

ஓடுறவன் உடைவான், நிக்கிறவன் நிலைப்பான்

இந்த ஒரு நினைப்புதான் எனக்கு இன்னைக்கும் எரிச்சலைக் கிளப்புது. 2018ல எங்க லீக்கோட ரூக்கி (புது வரவு) டிராஃப்ட்ல எங்க நண்பர் ஒருத்தர் முறை வந்தப்ப லாமர் ஜாக்சன், ஜாஷ் ரோசன் ரெண்டு பேருமே மிச்சம் இருந்தாங்க. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், "இல்லப்பா, அவன் ஓடியே காலை உடைச்சுக்குவான், ரோசன் பாக்கெட்ல அழகா நிக்கிறான், பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல"ன்னு சொல்லி ரோசனை எடுத்தாரு. அரிசோனா ஒரே சீசன்ல ரோசனை மயாமிக்கு அனுப்பிடுச்சு. லாமர் 2019ல 1,206 யார்டு ஓடி, வாக்களிச்ச எல்லாரோட வாக்கையும் வாங்கி எம்விபி (சீசனோட மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது) ஜெயிச்சாரு, முதல் மூணு சீசன்ல காயம்னு ஒரு மேட்ச் கூட உக்காரல.

"அப்புறம் அடிபட்டுச்சே"ன்னு கேப்பீங்க. பட்டுச்சு, எப்படிப் பட்டுச்சுன்னும் பாருங்க. 2021 டிசம்பர்ல க்ளீவ்லாண்ட்ல கணுக்கால் போனது பந்தை எறிஞ்ச கையோட வாங்கின அடியில. 2022 டிசம்பர்ல டென்வர் கூட முழங்கால் போனது சாக்ல (பந்தை எறியறதுக்கு முன்னாடியே க்யூபியைப் பிடிச்சு வீழ்த்தறது). ஓடுறதுக்குன்னே வரைஞ்ச ப்ளேல ரெண்டுமே நடக்கல.

எறியும்போது முன்னங்கால் தரையில ஊனியிருக்கும், உடம்பு பாரம் மொத்தமும் அது மேல, கண்ணு இருபது முப்பது யார்டு தள்ளி ரிசீவர் மேல, அந்த நேரம் பாத்து ஒரு டிஃபென்டர் பக்கவாட்டுல கால் மேல சரிஞ்சா முழங்காலுக்கு விலகிக்க இடமே கிடையாது. 2020 நவம்பர்ல வாஷிங்டன்ல ஜோ பரோவுக்கு முழங்கால் தசைநாருங்களான ஏசிஎல்லும் எம்சிஎல்லும் போனது இப்படித்தான். டாம் பிரேடி 2008 சீசனை முதல் மேட்ச்லயே இழந்ததும் பாக்கெட்ல நின்னப்பதான். வாஷிங்டன் க்யூபி அலெக்ஸ் ஸ்மித் கால் முறிஞ்சது 2018 நவம்பர் 18, சாக்ல. அதுக்கு சரியா 33 வருஷம் முன்னாடி, 1985ல அதே நவம்பர் 18, அதே வாஷிங்டன் டீமோட ஜோ தீஸ்மன் கால் முறிஞ்சதும் சாக்லதான். ஓடும்போது அடிக்க வர்றவன் பெரும்பாலும் கண்ணு முன்னாடி தெரியறான், சறுக்கி உக்காந்துடலாம், கோட்டுக்கு வெளிய போயிடலாம், உக்காந்தவனை அடிச்சா 15 யார்டு பெனால்ட்டி.

அதுக்காக ஓட்டத்துல ஆபத்தே இல்லன்னு சொல்ல வரல. ஓடறானா இல்லையாங்கிறதை விட ஓட்டத்தை எப்படி முடிக்கிறான்னு பாக்கணும், நான் டேப்ல ஒவ்வொரு ஓட்டத்தோட கடைசி ரெண்டு காலடியில நிறுத்திப் பாப்பேன். தோளை இறக்கறானா, கால் முன்னாடி போகுதா தலை முன்னாடி போகுதா, மூணு யார்டு கூடக் கிடைக்கும்னா என்ன பண்றான்? ரஸ்ஸல் வில்சன் பேஸ்பால் ஆடினவரு, சறுக்கறது அவருக்குக் கைவந்த கலை, 2012ல வந்தவரு 2021ல விரல் அடிபடற வரைக்கும் ஒரு மேட்ச் கூடத் தவறவிடல. ஆன்தனி ரிச்சர்ட்சன் 2023 டிராஃப்ட்ல நாலாவது பிக் (தேர்வு), ரெண்டாவது மேட்ச்ல டச்டௌன் ஓட்டத்துல தலையில அடி, அக்டோபர்ல இன்னொரு ஓட்டத்துல தோள், நாலே மேட்ச்ல சீசன் முடிஞ்சது. ரெண்டு பேரும் ஓடுறவங்கதான்!

ஜெய்டன் டேனியல்ஸ் எல்எஸ்யூ காலேஜ்ல வாங்கின அடிங்களைப் பாத்தவங்களுக்கு 2024ல அவர் நீள ஓட்டம் ஒண்ணுல விலா எலும்புல அடிபட்டு உக்காந்தது ஆச்சரியமா இருந்திருக்காது. எனக்கு இருக்கல. ஆனா அந்த ரூக்கி சீசன்ல அவர் ஆடின ஆட்டத்துக்கு அந்த ரிஸ்க்கை எடுக்கலாம், தெரிஞ்சு எடுக்கணும், அவ்வளவுதான்.

பந்தைப் பிடிச்சிட்டே நிக்கிறவன்

ப்ரஷர் (டிஃபென்டருங்க நெருக்கறது) வந்தப்ப அதுல எத்தனை சாக்கா முடியுதுன்னு பாருங்க. க்யூபியைக் காக்கற ஆஃபென்சிவ் லைனைத் திட்டறது சுலபம், ஆனா ரெண்டரை செகண்டுக்கு மேல பந்தை வச்சுக்கிட்டு யாராச்சும் ஃப்ரீ ஆவாங்கன்னு காத்திருக்கிறது அந்தப் பையனோட பழக்கம், காலேஜ்ல இருந்து அது என்எஃப்எல்லுக்கும் கூடவே வரும். இங்க ஸ்க்ராம்பிள் பண்றவன் (நெருக்கடியில தப்பிச்சு ஓடறவன்) ரெண்டு பக்கமும் மாட்டறான், ஓடியும் அடி வாங்கறான், ஓடலாமா எறியலாமான்னு யோசிச்சும் அடி வாங்கறான்.

பழைய காயம்

"சரியாயிடுச்சு"ங்கிற ஒரு வார்த்தையோட விட்டுடாதீங்க. எந்தக் கால், அதே இடமா, அடிபட்டுப் போனதா தானா மடங்கினதா, எல்லாம் எழுதி வைங்க. ராபர்ட் க்ரிஃபினுக்கு 2009ல பேய்லர் காலேஜ்ல ஆடும்போதே வலது முழங்கால் ஏசிஎல் போயிருந்தது. வாஷிங்டன் மூணு முதல் ரவுண்டு பிக், ஒரு ரெண்டாவது ரவுண்டு பிக் குடுத்து 2012 டிராஃப்ட் வரிசையில மேல ஏறி வந்து அவரை எடுத்தது. டிசம்பர்ல ரேவன்ஸ் கூட அதே முழங்கால் இழுத்துக்கிச்சு, 2013 ஜனவரி 6 ப்ளேஆஃப்ல தாழ்வா வந்த ஸ்நாப்பை (ப்ளே தொடங்கும்போது அவர்கிட்ட வர்ற பந்து) எடுக்கக் குனிஞ்சப்ப, யாரும் அடிக்காமலே, அது அப்படியே மடங்கிடுச்சு. அதைத் திரும்பப் போட்டுப் பாக்க இப்பவும் கஷ்டமா இருக்கு.

ஓடாதவருக்கும் ஒரு உதாரணம் வேணும்னா சாம் பிராட்ஃபோர்ட். ஒக்லஹோமா காலேஜ்ல தோள் போச்சு, 2010ல முதல் பிக், 2013லயும் 2014லயும் இடது முழங்கால் ஏசிஎல்.

க்யூபி டுவா டகோவைலோவா விஷயம் வேற மாதிரி. 2019 நவம்பர்ல இடுப்பு விலகினதால டிராஃப்ட் சமயத்துல எல்லாரும் இடுப்பையே பாத்துட்டிருந்தாங்க, ஆனா பின்னாடி படுத்தினது தலையில பட்ட அடிங்க, 2024 செப்டம்பர்ல பஃபலோ கூட சறுக்காம நேரா போய் மோதினதும் அதுல ஒண்ணு. மேல சொன்ன கடைசி ரெண்டு காலடி விஷயத்தை அந்த ப்ளேல பாருங்க.

40 யார்டு டைம்

40 யார்டை எத்தனை செகண்டுல ஓடறான்ங்கிறதுக்கும் அடி வாங்காம இருக்கிறதுக்கும் சம்பந்தமில்ல.

கை அளவு

பரோவுக்கு 9 இஞ்ச்தான், சின்னதுன்னு பேசினாங்க. விடுங்க.

எந்த டீம்னு தெரியறதுக்கு முன்னாடியே லிஸ்ட்டைப் பூட்டறது

பரோ 2021ல ரெகுலர் சீசன்ல மட்டும் 51 சாக் வாங்கினாரு, அந்த சீசனோட சூப்பர் பௌல்லயே (இறுதிப் போட்டி) 7. ஆண்ட்ரூ லக் தோள், கிட்னின்னு வரிசையா அடிபட்டு 29 வயசுலயே ஆட்டத்தை விட்டாரு, அவரோட முதல் சில வருஷத்துல முன்னாடி நின்ன லைனை நினைச்சா இன்னைக்கும் கோபம் வருது. அதனால முதல் ரவுண்டு முடிஞ்ச ராத்திரி, எடுத்த டீமோட ரெண்டு டேக்கிளும் (லைனோட ரெண்டு ஓரத்துல நிக்கிறவங்க) யாரு, எத்தனை வருஷம் கான்ட்ராக்ட் பாக்கி இருக்குன்னு பாத்துட்டு உங்க வரிசையை இன்னொரு தடவை போடுங்க.