பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருக்கிறீர்களா? இன்றிரவு சாவியை டப்பாவில் போடுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ இரவு பத்து மணிக்கு மேல் ஒரு நடை போய்ப் பாருங்கள். நிறைய கார்கள் தெருவில்தான் நிற்கும். போர்ட்டிகோ இருக்கிற வீட்டிலும் அதை இரண்டு பைக்கும் பழைய வாஷிங் மெஷினும் பிடித்துக்கொண்டிருக்கும். கார் கேட்டுக்கு வெளியே. சாவி எங்கே? வாசல் கதவை ஒட்டி ஆணியில் தொங்கும், இல்லையென்றால் செருப்பு ஸ்டாண்டின் மேல் கிடக்கும். பழைய காருக்கு இதில் பெரிய ஆபத்தில்லை. சாவியைத் துவாரத்தில் போடாமலே ஓடும் கீலெஸ் கார் என்றால், திருடனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

ஏன் என்று முதலில் புரிந்துகொள்வோம். கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் கார் சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய ரேடியோ சிக்னல் ஒன்றை அனுப்புகிறது. அது ஒன்றிரண்டு மீட்டர்தான் எட்டும். பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டு, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், ரகசியக் குறியீட்டோடு பதில் தருகிறது. பதில் வந்துவிட்டால் சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் எடுத்துக்கொள்கிறது. ஓட்டை அங்கேதான். ஒருவன் கருவியோடு உங்கள் வாசலில் நிற்பான், இன்னொருவன் காரின் பக்கத்தில். கார் சொல்வதைச் சாவிக்கும், சாவி சொல்வதைக் காருக்கும் கல்யாணத் தரகர் மாதிரி அப்படியே கடத்துவார்கள். குறியீட்டை உடைக்கவே தேவையில்லை. எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டால், சாவி தூரத்தில் இருந்தாலும் கார் எச்சரிக்கை மட்டும் காட்டும். ஓடும் வண்டியை நடுரோட்டில் அணைப்பது ஆபத்து என்பதால் எஞ்சினை நிறுத்தாது. 2011-லேயே சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் இதைச் செய்து பார்த்தார்கள். பத்தும் ஏமாந்தன.

படி 1: உங்கள் கார் இந்த வகையா?

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு திறக்கிறதா, பட்டனை அழுத்தினால் எஞ்சின் ஓடுகிறதா? அப்படியானால் இந்த வகைதான். ரிமோட்டில் பட்டன் அழுத்தித் திறந்து, சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருகும் கார் என்றால் அடுத்த இரண்டு படிகளும் உங்களுக்கு வேண்டாம், நான்காவதுக்குப் போய்விடுங்கள்.

படி 2: சாவியின் வாயை அடைப்பது

நாலு பக்கமும் உலோகம் சூழ்ந்தால் ரேடியோ அலை உள்ளே போகாது, வெளியேயும் வராது. மைக்கேல் ஃபாரடே 1836-ல் காட்டிய விஷயம். இதற்காகவே உலோக இழை வைத்துத் தைத்த சிறு பைகள் ஃபாரடே பவுச் என்ற பெயரில் ஆன்லைனில் கிடைக்கின்றன. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டப்பாவும் ஆகலாம். ஆனால் மூடியும் எவர்சில்வராக, இறுக்கமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடி போட்ட டப்பா எதற்கும் உதவாது. தளர்ந்த மூடியின் இடுக்கு வழியாகவும் சிக்னல் கசியும்.

ஆகவே எதையும் நம்பாமல் சோதியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். காரைப் பூட்டுங்கள். சாவியை டப்பாவில் போட்டு மூடுங்கள். இன்னொரு சாவி உங்கள் பையிலோ மனைவியின் கைப்பையிலோ பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். இப்போது டப்பாவை ஓட்டுநர் கதவின் கைப்பிடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்த டப்பாவை மறுபடி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுங்கள். திறக்கவில்லையா? சாவியை வெளியே எடுத்துக் காரைத் திறந்து, மறுபடி சாவியை டப்பாவில் மூடி, டப்பாவைப் பின்சீட்டில் வைத்து ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். சாவி இல்லை என்று திரையில் வந்தால் டப்பா தேறியது.

பவுச் வாங்கினாலும் இதே சோதனைதான். மடித்து மடித்து உள்ளே இருக்கும் இழை விட்டுப்போகும், வெளியே பார்த்தால் புதிதாகவே தெரியும். மாதம் ஒருமுறை சோதியுங்கள். பீரோவில் தூங்கும் ஸ்பேர் சாவியும் பதில் சொல்லும் சாவிதான், அதையும் டப்பாவில் போடுங்கள். மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். காலையில் யாராவது பால் சுட வைக்க ஸ்விட்சைப் போட்டால் சாவி வெந்துவிடும், வேண்டாம்.

படி 3: சாவியைத் தூங்க வைப்பது

சில சாவிகளில் அசைவு உணரும் சென்சார் உண்டு. சில நிமிடம் அசையாமல் கிடந்தால் பதில் சொல்வதை நிறுத்திவிடும். உங்கள் சாவி அப்படியா என்று பார்க்க, பூட்டிய காரின் கதவை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் சாவியை வைத்துவிட்டு ஒரு காபி குடித்து வாருங்கள். சாவியைத் தொடாமல் கைப்பிடியை மட்டும் தொடுங்கள். திறந்தால் சென்சார் இல்லை.

கையால் அணைக்கும் வசதியும் சில நிறுவனங்கள் தருகின்றன. பல டொயோட்டா சாவிகளில் லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக்கை இருமுறை அழுத்தினால், சாவியின் சிறு விளக்கு நான்கு முறை மின்னிவிட்டு கீலெஸ் அணைந்துவிடும். உங்கள் காருக்கு எப்படி என்று டேஷ்போர்டு பெட்டியில் பிரிக்காமல் கிடக்கும் கையேட்டைப் பாருங்கள்.

படி 4: பூட்டிய பிறகு ஒரு நொடி நில்லுங்கள்

இது வேறு வகைத் திருட்டு. நீங்கள் ரிமோட்டை அழுத்தும் நேரத்தில் ஜாமர் போட்டு சிக்னலை அமுக்கிவிடுவார்கள். கார் பூட்டாமலே நிற்கும். ஸ்ரீபுரம் தங்கக் கோயில் பார்க்கிங்கிலும் மண்டப வாசலிலும் போனில் பேசிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் ரிமோட்டை அழுத்திவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம். இண்டிகேட்டர் மின்னுகிறதா, பூட்டு விழும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கீலெஸ் காரில் முன்கதவை இழுத்துப் பார்ப்பதில் பயனில்லை, சாவி உங்களிடம் இருப்பதால் அது திறந்துவிடும். பல கார்களில் பின்கதவுக்குத் தொட்டால் திறக்கும் சென்சார் கிடையாது, அதை இழுத்துப் பாருங்கள்.

படி 5: இரும்பு

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 ஊசி கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டும் இடம் அதுதான். உள்ளே நுழைந்தவன் அதன் வழியாகப் புதுச் சாவியைப் பதிவு செய்துகொள்ள முடியும். அதற்கு உலோக மூடிப் பூட்டு இருக்கிறது. வெளிநாடுகளில் இன்னும் ஒரு படி போய், ஹெட்லைட்டைக் கழற்றி அதன் வயர் வழியாகவே காரின் உள் நெட்வொர்க்குக்குப் பொய்க் கட்டளை அனுப்புகிறார்கள். அங்கே சாவி டப்பாவில் இருந்தாலும் ஒன்றுதான்.

அதனால்தான் நான் ஸ்டியரிங் லாக்கைச் சொல்கிறேன். மஞ்சளோ சிவப்போ, கண்ணாடி வழியாகத் தெரிகிற நிறத்தில் வாங்குங்கள். கியர் லாக்கும் நல்லதுதான், ஆனால் வெளியிலிருந்து கண்ணில் படாது. ஸ்டியரிங் லாக்கை அறுக்க நேரமும் சத்தமும் ஆகும், நம் தெரு நாய்கள் சும்மா விடாது. ஜிபிஎஸ் டிராக்கரும் வைக்கலாம். காட்பாடி தாண்டினால் ஆந்திர எல்லை, இந்தப் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. நீங்கள் விழிப்பதற்குள் கார் வேறு மாநிலத்தில் இருக்கும். ஆனால் டிராக்கர் போன காரைத் தேடுவதற்குத்தான், போகாமல் தடுக்காது.

படி 6: சாவிக் கணக்கு

மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழுக் காப்பீடு இருந்தாலும் க்ளைம் செய்யும்போது எஃப்ஐஆரோடு எல்லாச் சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று குறைந்தால் கேள்விக்கு மேல் கேள்வி வரும், ஆகவே சாவி தொலைந்தால் அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து வையுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கையில் வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். அப்புறம் நிறுவன சர்வீஸ் சென்டருக்குப் போய், காரில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லி, உங்கள் கையில் இல்லாததை அழிக்கச் சொல்லுங்கள்.